மட்டாஞ்சேரி முருகன் காலையில் தூங்குகிறான்

1

சென்ற மாதம் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தோம். மறுநாள் காலை நம் முருகன் கோவிலில் என் மகள் வள்ளி செய்த காரியத்தை நீங்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். சிரியுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சிரிப்பதற்கு முன் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காலைப் பூசை. குருக்கள் தீபத்தை ஏற்றிவிட்டு மணிக்கயிற்றை எட்டிப் பிடித்தார். எட்டு வயது வள்ளி பெரியவர்களின் இடுப்புகளுக்கு நடுவே நுழைந்து போய், அதே கயிற்றின் கீழ் நுனியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "மணி அடிக்கண்டா! முருகன் உறங்ஙுகயா!" என்று கிசுகிசுத்தாள். மணி அடிக்காதீர்கள், முருகன் தூங்குகிறார் என்று அர்த்தம். குருக்கள் திகைத்து நின்றார். கோவில் முழுக்கச் சிரித்தது. என் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு, "ஏ மைனி, பிள்ளைய மலையாளத்துல என்ன சொல்லித்தான் வளக்கீய?" என்றாள்.

அங்கே நானும் சிரித்து மழுப்பினேன். ரயில் செங்கோட்டையைத் தாண்டிய பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் ஒரு ஸ்டேஷன் கழித்துத்தான் வரும். நாத்தனார் கேட்ட கேள்விக்கு ரயிலில் வைத்தே மனதுக்குள் பதில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

2

கடல் தாண்டிப் போனவர்களைத்தான் நீங்கள் அயல்நாட்டில் இருப்பவர்கள் என்று சொல்வீர்கள். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலி போடுவீர்கள். எனக்குப் பாய். கொச்சிதானே, மலைக்கு அந்தப் பக்கம்தானே என்பீர்கள். அந்த மலையைத் தாண்டினால் பால்காரன் பேச்சு மாறுகிறது, பஸ்ஸின் மேல் எழுத்து மாறுகிறது, மழை மாறுகிறது. கல்யாணமாகி நான் வந்தபோது கொல்லம் வரை ரயில், அப்புறம் பஸ், அப்புறம் படகு. மாநிலங்களைப் பிரித்த பிறகு போகும்போதும் வரும்போதும் ஏதோ ஒரு கோட்டைத் தாண்டுகிறோம் என்ற நினைப்பு வேறு சேர்ந்துகொண்டது.

இங்கே விடிவது வாசனையில்தான். கண் திறப்பதற்கு முன்பே சுக்கு மணக்கும், பிறகு மிளகு. பண்டகசாலைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது ஒவ்வொரு வாசனையாகத் தெருவில் இறங்கும். அதற்குப் பின்னால் காயலின் உப்புக் காற்று. அரைத்தூக்கத்தில் அது தாமிரபரணிக் காற்று என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுப்பேன். துறைமுகத்தில் கப்பல் ஊதும். நம் ஆற்றில் ஏது கப்பல் என்று தோன்றும்போதுதான் விழிப்பு வரும். இத்தனை வருடம் ஆகியும் இந்த ஏமாற்றம் தினமும் நடக்கிறது. அதில் ஒரு சுகமும் இருக்கிறது என்பதை மறைப்பானேன்.

என் கணவர் சுக்கு ஏற்றுமதி செய்யும் ஓர் ஆபீசில் குமாஸ்தா. "அடுத்த வருஷம் ஊருக்கே மாத்திக் கேட்டிருவோம்" என்று வருடா வருடம் சொல்வார். வள்ளிக்கு மலையாளம் ஓடுகிறது, தமிழ் நொண்டுகிறது. வீட்டில் தமிழ் எழுத்துப் போடச் சொன்னால் நம் எழுத்துக்கும் ஒரு வளைவு சேர்த்து மலையாளமாக்கி விடுகிறாள். அடித்தும் பார்த்தேன், கொஞ்சியும் பார்த்தேன். வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி பிள்ளை கையிலிருந்து உருகிப் போகிறதே என்று அழுததும் உண்டு.

3

எங்கள் சந்தில் ஒரு பஜனை மடம் இருக்கிறது. சுக்கு வியாபாரத்துக்கு வந்த நம் ஊர்க்காரர்கள் எப்போதோ கட்டியது. ஒரு சின்ன முருகன் சந்நிதி, முன்கூடம், பின்னால் கிணறு, பெரிய அடுப்புகளோடு ஒரு மடைப்பள்ளி. மடத்துக்குத் தலைவர் என் கணவரின் ஒன்றுவிட்ட பெரியப்பா, ஆவுடையப்ப பிள்ளை. நான் பெரியமாமா என்று கூப்பிடுவேன். தலைவர் அவர்தான், பூசை செய்பவர் அவர்தான், விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று வீடு வீடாகப் போய்ச் சண்டை போடுபவரும் அவர்தான்.

வள்ளி கைக்குழந்தையாக இருந்த காலம். ஒரு நாள் எர்ணாகுளத்திலிருந்து படகில் ஓர் அதிகாரியம்மா வந்து இறங்கினார். குடை, கறுப்புச் சப்பாத்து, கையில் ஒரு பை. ஏதோ தூர தேசத்துச் சனங்கள் பால்பொடி அனுப்புகிறார்களாம். கப்பல் கப்பலாக வருகிறதாம். ஏழைப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்க வேண்டும். சர்க்காரிடம் பொடி இருக்கிறது. அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை, காலையில் எழுந்து கலக்குவதற்குக் கை இல்லை. அதனால் கோவில், பள்ளிவாசல், மாதா கோவில், சாதிச் சங்கம் என்று யாரிடம் இடமும் ஆளும் இருக்கிறதோ அவர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கரையோரத்து மாதா கோவிலில் ஏற்கெனவே தொடங்கியாயிற்று. எங்கள் சந்துப் பக்கத்தில் பெரிய கிணறும் பெரிய அடுப்பும் இருந்தது மடத்தில்தான்.

பெரியமாமாவுக்குத் தலை கால் புரியவில்லை. "சர்க்காரே நம்ம மடத்தைத் தேடி வந்திருக்கு, பாத்தியா செண்பகம்!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதையே கிணற்றடியில் இருந்த காக்கையிடமும் சொன்னார்.

வெறும் பஜனை மடத்துக்குக் கொடுக்க மாட்டார்கள், சேவா சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். பதிவு செய்தோம். பலகை எழுத வேண்டும் என்றார்கள். எழுதினோம். இங்கிலீஷும் மலையாளமும் எழுதி முடித்ததும் தமிழுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. பெயின்டர் மிகவும் வருத்தப்பட்டு ஓரத்தில் ஒரு சின்ன வேல் வரைந்து கொடுத்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிபந்தனை இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எந்தச் சாதி, எந்த மதமானாலும் வந்து குடிக்கலாம். "அதுக்கென்ன, வரட்டும்" என்றார் பெரியமாமா. மனதாரச் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கலக்கும் வேலை எனக்கும் இன்னும் மூன்று பெண்களுக்கும் வந்தது. பொடியைக் கொதிநீரில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். முதலில் வெதுவெதுப்பான நீரில் குழைத்து, பிறகு கொப்பரையில் ஊற்றித் துழாவ வேண்டும். மடைப்பள்ளிப் புழுக்கத்துக்குப் பயந்து கிணற்றடியில் கல் கூட்டி அடுப்பு வைத்தோம். பிள்ளைகள் அலுமினியக் குவளை, பீங்கான் கோப்பை, தேங்காய்ச் சிரட்டை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், சலவைக்காரர் பிள்ளைகள், சந்தின் மறுகோடியில் இருந்த மாப்பிள்ளை முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள்.

அந்தக் கோடியிலிருந்து நபீசுவும் வந்தாள். நான்கு வயதுக் குழந்தை, நிற்கக் காலில் வலு இல்லை. அவளுடைய உம்மா கதீஜும்மா எங்கள் வீடுகளுக்கு முட்டை கொண்டுவருபவள். ஒரு இடுப்பில் கூடையும் மறு இடுப்பில் குழந்தையுமாகத்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். தர்மாஸ்பத்திரி டாக்டர், தினமும் பால் கொடுத்தால் இந்தக் கால் நிற்கும் என்று சொல்லியிருந்தார். பாலுக்கு அவள் எங்கே போவாள்? பால்பொடி வந்த பிறகு காலையில் முதல் குவளை நபீசுவுக்கு என்று நானே வைத்துக்கொண்டேன். மேல் உதட்டில் வெள்ளை மீசையோடு அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பதைக் காண்பதற்காகவே நான் விடியலில் எழுந்துபோனேன் என்று சொன்னாலும் பொய் இல்லை. பங்குனி முடிவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

4

பிறகு இங்கத்து மழை வந்தது. நம் ஊரில் மழை வந்தால் பார்ப்போம். இங்கே மழைக்குள் குடியிருப்போம். கிணற்றடி அடுப்பு நனைந்து அணைந்தது. கொப்பரையைத் தூக்கிக்கொண்டு மடைப்பள்ளிக்குள் போனோம்.

அங்கேதான் காரியம் கெட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மடைப்பள்ளி அடுப்பில் எது கொதித்தாலும் முதலில் சந்நிதிக்குக் கொண்டுபோய்க் காட்டுவது, மணி அடிப்பது, பிறகு வெளியே எடுப்பது. நமக்கு அது யோசித்துச் செய்கிற காரியமா? தும்மல் மாதிரி. முதல் நாள் பால் பொங்கி வந்தது, ஒருத்தி கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்தாள், பெரியமாமா திரையை விலக்கினார், மணி அடித்தது. கப்பலில் வந்த பால்பொடி முருகனுக்கு நைவேத்தியமாயிற்று. மிச்சத்தைப் பிள்ளைகளுக்கு ஊற்றினோம். எங்களுக்கெல்லாம் மனசு குளிர்ந்துதான் இருந்தது.

சில நாட்களில் மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் குறைந்தார்கள். மழை என்று நினைத்தோம். அப்புறம் காய்ச்சலாக இருக்கும் என்றோம். அப்புறம் ஒரு குழந்தைகூட வரவில்லை. "நன்றி கெட்ட சனம்" என்றாள் எங்களில் ஒருத்தி. நபீசுவின் முதல் குவளையை ஊற்றி வைத்துவிட்டு நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் ஆடை கட்டி ஆறிப்போனது.

கதீஜும்மா முட்டையோடு வந்தபோது கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். தமிழ் வீடுகளில் பழகிய அவள் பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம்.

"பிணக்கம் ஒண்ணும் இல்லா, மோளே. பாலு நல்ல பாலு. ஆனா மணிச் சத்தம் கேட்டு."

"மணி கேட்டா என்ன?"

"மணி அடிச்சா அது நிங்ஙடெ தெய்வத்தின்டெ பாலு. அவருக்கு வெச்சதை ஞங்ஙடெ குட்டிகள் எங்ஙனெ குடிக்கும்? நிங்ஙளுக்கு நிங்ஙடெ மரியாதை. ஞங்ஙளுக்கு ஞங்ஙடெ மரியாதை." கூடையைத் தூக்கிக்கொண்டாள். படி இறங்கும்போது, "நபீசு ராவிலெ எழுந்நேற்று பாலு பாலுன்னு கரையுந்நு" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். குழந்தை காலையில் எழுந்து பாலுக்கு அழுகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் இடுப்பில் நபீசு மறுபடியும் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தபோது எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

அதே வாரம் அதிகாரியம்மா வந்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள். நெற்றி நிறையத் திருநீறு. பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது அம்பலத்தின்டெ பாலல்ல" என்றார். அம்பலம் என்றால் இங்கே கோவில். பெரியமாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சர்க்காரின்டெ பாலும் அல்ல. குட்டிகளுடெ பாலாணு" என்று முடித்துவிட்டார் அம்மா. அடுத்த முறை வரும்போது எல்லாப் பிள்ளைகளும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொடியைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறு சங்கத்துக்கு மாற்றிவிடுவார். "ஒரு அவசரம் கூடெ தராம்" என்று சொல்லிப் படகுக்குப் போனார். நம் பேச்சில் அவசரம் என்றால் வேறு. இங்கே அது வாய்ப்பு. எனக்கு அன்றைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்வர இந்தச் சந்தின் சின்னப் பிள்ளைகளால் ஆகாது. முட்டைக் கூடையைத் தூக்கும் கதீஜும்மாவாலும் ஆகாது.

பெரியமாமாவிடம் போய் நின்றேன்.

"மணி அடிக்காம குடுத்திருவோம், பெரியமாமா."

"மடைப்பள்ளிப் பானை சாமிக்குக் காட்டாம வாசல் தாண்டுச்சுன்னா, அது மடம் இல்லம்மா. சாயாக்கடை."

"அப்ப வேற இடம் பாப்போம்."

"இந்த மழையில எங்க போயி அடுப்பு மூட்டுவ? என் தலையிலயா?"

எனக்குப் பொறுக்கவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசாத வீட்டில் பிறந்தவள்தான். அன்றைக்குப் பேசினேன். "பெரியமாமா, நீங்க தொட்டில்ல கிடந்து பாலுக்கு அழுதப்ப, உங்க அம்மை சாமிக்குக் காட்டிட்டுத்தான் ஊத்துனாவளா?"

"அது வீடு."

"அப்ப இது என்னது?"

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்தில் என்று வாய் வலிக்கச் சொல்கிறோமே, இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றால் எதை முதலில் கொண்டாடுவது என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லையே என்று அந்த மடைப்பள்ளிப் புகையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகையால் வந்த கண்ணீர்தான் என்று மற்றப் பெண்களிடம் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை.

6

பெரியமாமா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அதற்கடுத்த காலை நான் மடத்துக்குப் போனபோது வித்தியாசமாக இருந்தது. பூசை அதற்குள் முடிந்துவிட்ட வாசனை. சந்நிதிக் கதவு சாத்திப் பூட்டியிருந்தது. கதவுக்கு முன்னால் பெரியமாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதீய. முருகன் தூங்குதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்பவா? விடிஞ்சாச்சே."

"இந்த ஊரு கொசுவுல ராத்திரி எவன் தூங்க முடியும்? திருச்செந்தூர்க் கடக்காத்துல இருந்தவன், பாவம். இப்பத்தான் அசந்திருக்கான்." என்னை நேராகப் பார்க்காமல் சொன்னார். "தூங்குதவன எழுப்பிப் பாலு காட்டுத வழக்கம் எங்கயும் இல்ல. கொப்பரைய எறக்கு. பிள்ளையளக் கூப்பிடு."

கொப்பரையை இறக்கி வைத்தேன். அப்புறம் ஓடினேன். மழையில் முக்காடு போட்டுக்கொண்டு சந்தின் மறுகோடிக்கு ஓடினேன். கதீஜும்மா நபீசுவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் மற்றப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் உம்மாக்கள். மடத்து வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வரவில்லை. கதீஜும்மா சாத்திய கதவைப் பார்த்தாள், உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கூடத்து உத்தரத்தில் தொங்கும் வெண்கல மணியைப் பார்த்தாள்.

"மணி?" என்றாள்.

சரியான கேள்விதான். கதவை யாரும் திறக்க மாட்டார்கள். ஆனால் அந்த மணியைக் கண்டால் எங்கள் கை சும்மா இருக்குமா? எல்லாரையும் விட மோசம் பெரியமாமாவின் கைதான். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எழுந்தார். முக்காலியைப் போட்டு ஏறினார். மணியின் வயிற்றுக்குள் கையை விட்டு, கொக்கியிலிருந்து நாக்கைக் கழற்றினார். இறங்கி வந்து வாசலுக்குப் போய் அதைக் கதீஜும்மாவிடம் நீட்டினார்.

"இந்தா, நீயே வச்சுக்க. பிள்ளையள் குடிச்சு முடிச்ச பொறவு கொண்டா."

எங்கள் பெண்களில் ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். சாமி மணியின் நாக்கு. பெண்கள் நாங்களே தொட்டதில்லை. கதீஜும்மா கையை முந்தியில் இரண்டு முறை துடைத்தாள்.

"எனிக்கு தொடலாமோ?"

"தொடாம எப்படி வாங்குவ?" என்றார் பெரியமாமா, கொஞ்சம் எரிச்சலாகவே.

அவள் வாங்கித் தன் தலைத்துணியின் நுனியில் முடிந்துகொண்டாள். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். முதல் குவளை நபீசுவுக்குப் போயிற்று. சாமி தூங்குகிறது என்று பெரியமாமா எல்லாரையும் விரலால் அடக்கிக்கொண்டிருந்தார். அத்தனை குழந்தைகள் சத்தமில்லாமல் பால் குடிப்பதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? மெத்தென்ற ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். வெளியே மழை, ஈரச் சுக்கின் மணம், தூரத்தில் ஊதாமல் நிற்கும் கப்பல்கள். ஊரே அந்தக் கதவுக்குப் பின்னால் தூங்குகிறவனுக்காக அடங்கியிருந்தது போல எனக்குத் தோன்றியது.

அதிகாரியம்மா மறுமுறை வந்தபோது, கூடம் நிறையப் பிள்ளைகள் இருந்தும் ஓசை இல்லாததைக் கண்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். பூட்டிய கதவைப் பார்த்தார். இறங்கிப் போய்ச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, மிச்சக் கேள்விகளைக் கிசுகிசுத்த குரலில் கேட்டார். பொடி எங்களிடமே இருந்தது.

7

வள்ளி அந்த முன்கூடத்தில் தவழ்ந்து வளர்ந்தவள். காலையில் முருகன் தூங்குவார், பிள்ளைகள் பால் குடிப்பார்கள், கதீஜும்மா மணி நாக்கைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு எழுந்திருப்பார். அவளுக்குத் தெரிந்த முருகன் இப்படித்தான். உலகத்து முருகன் எல்லாம் இப்படித்தான் என்று நினைத்திருந்தாள். நம் ஊர்க் குருக்கள் மணிக்கயிற்றைப் பிடித்ததும் பதறிப்போனாள். நாத்தனாருக்கு என் பதில் இதுதான். நான் சொல்லி வளர்க்கவில்லை. பார்த்து வளர்ந்திருக்கிறாள். அவளுடைய தமிழ் எழுத்து கோணலாக இருக்கிறதே என்ற என் துக்கம் அந்த ரயிலிலேயே பாதி குறைந்துவிட்டது.

ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் வழக்கம்போல மடத்துக்குப் போனோம். பெரியமாமாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. மணி நாக்கைக் கழற்ற நேரமாகிறது. கதீஜும்மா முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி காத்திருப்பாள். நபீசு இப்போது நெடுநெடுவென்று வளர்ந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று அந்தச் சந்தில் ஓடுகிறாள். ஓடுகிறாள் என்று எழுதும்போது என் கை கொஞ்சம் நிற்கிறது.

வள்ளி தன் ஊர்க் கதையைக் கதீஜும்மாவிடம் சொன்னாள். எல்லாரும் சிரித்ததையும் சொன்னாள்.

கதீஜும்மா சிரிக்கவில்லை. "அவிடத்தெ முருகன் எப்போழா உறங்ஙுக?" என்று கேட்டாள்.

"அவிடெ உறங்ஙுகயே இல்லா."

கதீஜும்மா நாக்கை முடிந்துகொண்டே யோசித்தாள். "பாவம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, குத்தலாக இல்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். "அதெந்தா மோளே, அவிடெ பாலு குடிக்கான் வேறெ குட்டிகள் ஆரும் வராறில்லே?"

அங்கே பால் குடிக்க வேறு பிள்ளைகள் யாரும் வருவதில்லையா என்று கேட்கிறாள். நீங்கள் கேட்டதற்கு நான் இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். இதற்குப் பதிலை நீங்கள் எழுதுங்கள்.